முதலில் பூனை, அப்புறம்தான் எம்.ஜி.ஆர். தொப்பி

கொடுங்கையூரில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு. கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தொடங்கி இப்போது முன்பக்கம் வரைக்கும் பூனையாக வந்துவிட்டதாம். சும்மா பூனை இல்லை. ரஜினி பூனை, வடிவேலு பூனை, ஸ்பைடர்மேன் பூனை. அமெரிக்காவில் ஒரு பெண் ஓவியர் இதே மாதிரி டிவி, சினிமாப் பாத்திரங்களைப் பூனைகளாக வரைந்து புத்தகமே போட்டிருக்கிறார், நானும் அதைத்தான் செய்யப் போகிறேன் என்கிறாளாம். "நிஜமாவே அப்படி ஒருத்தர் இருக்காங்களா சார்? இதெல்லாம் ஒரு வேலையா? எப்படிக் கத்துக்கறது? நாளைக்கு வித்தா யாராவது கேஸ் போடுவாங்களா?"

நோட்டைப் பிடுங்கிக் கிழிக்காமல் கேள்வி கேட்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. என் வீட்டில் கிழித்தார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பத்தாவதில் கோட்டைவிட்டு, தண்டையார்பேட்டையில் சினிமா பேனர் எழுதும் இடத்தில் பெயின்ட் டப்பா கழுவச் சேர்ந்தவன் நான். பிரஷ் கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே சுருட்டிக்கொண்டு போன பிறகு, பழைய வண்ணாரப்பேட்டையில் மொட்டைமாடியில் ஷீட் போட்டுப் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லித்தருகிறேன். வருஷத்துக்கு நாலு பேராவது இந்தப் பூனைப் பைத்தியத்தோடு வருவார்கள். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல முடியும்.

அந்த ஓவியர் பெயர் ஜென்னி பார்க்ஸ். 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொடரின் டாக்டர்களை வரிசையாகப் பூனைகளாக நிறுத்தி ஒரு படம் போட்டார், அது உலகம் சுற்றியது. பிறகு 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரின் விண்கப்பல் ஆட்களைப் பூனைகளாக்கி 2017இல் ஒரு புத்தகம், அடுத்த வருஷமே அந்தத் தொடரின் அடுத்த தலைமுறைக்கு இன்னொரு புத்தகம். உங்கள் மகள் பார்த்தது இவரைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் மகள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு: இவர் அறிவியல் சித்திரத்தில் பயிற்சி பெற்றவர். அதாவது உயிரியல் புத்தகத்தில் தவளை, மீன், பூச்சி எல்லாம் வரைகிறார்களே, அந்த வேலை. அங்கே "சுமாரா இருக்கு" என்று ஒன்று கிடையாது. துடுப்பில் எத்தனை முள்ளோ அத்தனை முள் படத்திலும் இருக்க வேண்டும், காலில் எத்தனை கணுவோ அத்தனை கணு. அந்தக் கண்ணோடு பூனைக்கு வந்தவர் என்பதால்தான் அவருடைய பூனை சட்டை போட்டிருந்தாலும் பூனையாகவே நிற்கிறது. முக்கால்வாசிப் பேர் வரைவது பூனை முகமூடி போட்ட மனிதனை.

'டாக்டர் ஹூ'வை அவர் எடுத்துக்கொண்டதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 1963இல் தொடங்கிய தொடர் அது. கதாநாயகன் பெயரே 'டாக்டர்'. ஆள் ஒருவர்தான், ஆனால் சாகும் நிலைக்கு வரும்போதெல்லாம் வேறு உடம்பு எடுத்துக்கொள்வார். அதைச் சாக்காக வைத்து நடிகரை மாற்றிவிடுவார்கள். முகம் மாறிக்கொண்டே இருக்கும் நாயகனை ரசிகன் எதை வைத்து அடையாளம் பிடிக்கிறான்? நாலாவது டாக்டருக்குத் தரையைத் தொடும் பலவண்ண மஃப்ளர். ஐந்தாவது டாக்டர் கோட்டில் பூவுக்குப் பதில் செலரி என்ற கீரையின் தண்டு ஒன்றைக் குத்தியிருப்பார். பதினோராவது டாக்டருக்கு போ டை. முகத்தைக் கழற்றிவிட்டாலும் ஆள் அப்படியே இருக்கிறார். அந்த இடத்தில் பூனை முகத்தை வைத்தால் குடிமுழுகிப் போகாது. ஸ்டார் ட்ரெக்கும் அப்படித்தான்: கேப்டனுக்கு மஞ்சள் சட்டை, விஞ்ஞானிக்கும் கப்பல் வைத்தியருக்கும் நீலம், இன்ஜினியருக்குச் சிவப்பு. சட்டை நிறத்தைப் பார்த்தே ரசிகன் பாதி ஆளைச் சொல்லிவிடுவான்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஜென்னி பார்க்ஸ் இல்லை, எங்கள் பேனர் மாஸ்டர். காடாத் துணியை மரச்சட்டத்தில் அடித்து, கம்பெனி கொடுத்த ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக நூல் பிடித்து அடித்துக்கொள்வோம். மூஞ்சி மாஸ்டர் மட்டும்தான் தொடுவார். சட்டை, பேன்ட், பின்னணி எல்லாம் எங்களுக்கு. ஒரு நாள் மூஞ்சி இல்லாமல், கழுத்து வரைக்கும் மட்டும் முடிந்த பேனரைத் தெருவில் நிறுத்திவைத்திருந்தோம். மஹாராணி தியேட்டர் பக்கமிருந்து வந்த ரிக்‌ஷாக்காரர் ஒருவர் காலை ஊன்றி நிறுத்தி, "இன்னா தலைவர் படமா, எப்போ ரிலீசு?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை. "பாத்தியா, மூஞ்சி இல்லாமலே ஆள் தெரியுது. அப்படித் தெரியலேன்னா நான் மூஞ்சி போட்டும் பிரயோஜனமில்ல" என்றார். இடுப்பை எந்தப் பக்கம் சாய்த்து நிற்கிறார், கை எங்கே இருக்கிறது, தோள் எது தாழ்ந்திருக்கிறது. அவர் இதை 'நிலை' என்பார். பேனரை மக்கள் அறுபது அடி தள்ளி, பஸ் ஜன்னலில் இருந்து பார்ப்பார்கள். அந்தத் தூரத்தில் கண், மூக்கு தெரியாது, நிலைதான் தெரியும்.

ஆக உங்கள் மகளுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஆளிடமிருந்து நிலையையும் இரண்டு மூன்று அடையாளங்களையும் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பூனையிடமிருந்து எடுக்க வேண்டும். முதல் வேலை அவளுக்கு ஏற்கெனவே வரும், இல்லாவிட்டால் அது வடிவேலு என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. பிள்ளைகள் சறுக்குவது இரண்டாவதில்.

அதற்கு நான் கூட்டிப்போகும் பள்ளிக்கூடம் காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்துப் பூனைகளுக்கு ஆள் பயம் கிடையாது, வீட்டுப் பூனையின் கொஞ்சலும் கிடையாது, வேலைக்கு வந்த மாதிரி வந்து உட்கார்ந்திருக்கும். போன மாதம் விடியற்காலை ஏலம் நடக்கும்போது நான் வரைந்த பூனை ஒன்று: சாம்பல் வரிக் கடுவன், இடது காது நுனி கிழிந்தது, தெர்மாகோல் ஐஸ் பெட்டி மூடிமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கூடையைக் கவிழ்த்தார்கள், சங்கரா மீன். சத்தம் கேட்டதும் பூனை என்ன செய்தது தெரியுமா? கிழிந்த காது மட்டும் பின்பக்கம் திரும்பியது. தலை அசையவில்லை, வாலும் அசையவில்லை. கூடை இழுபடும் சத்தம் வந்ததும் இரண்டாவது காதும் திரும்பியது. அதற்குப் பிறகுதான் தலை. உடம்பு கடைசியில், அதுவும் ஏலக்காரர் அந்தப் பக்கம் பார்க்கும்போது. மனிதன் முதலில் கண்ணைத் திருப்புவான். பூனை முதலில் காதைத் திருப்பும். இந்த ஒரு வரிசை தெரிந்தால் பாதிப் படம் உயிரோடு வந்துவிடும்.

காரணமும் இருக்கிறது. பூனையின் ஒவ்வொரு காதையும் ஆட்டிவைக்கச் சின்னச் சின்னத் தசைகள் முப்பது அளவுக்கு உண்டு. நமக்குக் காதில் அந்த வித்தை கிடையாது. நம் வித்தையெல்லாம் புருவத்தில். வடிவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய பாதி நடிப்பு புருவத்தில் இருக்கிறது. பூனைக்கோ நம் மாதிரிப் புருவம் இல்லை. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், பூனை முகத்தில் கறுப்பாக இரண்டு புருவம் வரைந்து விடுகிறார்கள். உடனே பூனை செத்துவிடுகிறது. புருவம் செய்கிற வேலையைக் காதுக்குக் கொடுக்க வேண்டும். வீராப்புப் பேசும் வடிவேலு: இரண்டு காதும் விறைப்பாக முன்னால். அடி வாங்கப்போவது தெரிந்துவிட்ட வடிவேலு: ஒரு காது இன்னும் முன்னால் நிற்க, மற்றது ஏரோபிளேன் இறக்கை மாதிரி பக்கவாட்டில் படுத்துவிட்டது. வாங்கிய பிறகு: இரண்டும் தலையோடு தலையாக ஒட்டிப்போச்சு. முகத்தில் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

அடுத்து கண். பூனையின் கண் பாப்பா வெயிலில் நெல்மணி அளவுக்குக் கோடாக இருக்கும், படகு நிழலுக்குள் போனால் கறுப்பு கோலிக்குண்டாக விரியும். பயந்தாலும் விரியும், விளையாட்டு ஆசை வந்தாலும் விரியும். வில்லன் பூனைக்குக் கோடு, குழந்தைப் பூனைக்கு உருண்டை என்று பிள்ளைகள் பழக்கத்தில் போடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கால்தான் பெரிய தகராறு. பூனையின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கி நிற்கிறதே ஒரு மூட்டு, அதை எல்லோரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது குதிகால். பூனை காலம் முழுக்க விரல் நுனியில் நடக்கிற பிராணி. குதிகால் தரையில் படாது. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றுத் தோலுக்குள் ஒளிந்திருக்கும். இது தெரியாமல் பூனையை நிமிர்த்தி நிற்கவைத்து பேன்ட் மாட்டினால், அது பூனைக் காலாகவும் இருக்காது, மனிதக் காலாகவும் இருக்காது, பட்டறையில் வளைத்த கம்பியாக இருக்கும். எழும்பூர் மியூசியத்தில் விலங்கியல் பகுதியில் எலும்புக்கூடுகள் இருக்கின்றன. நாலுகால் பிராணி எதையாவது எடுத்து, குதிகால் எங்கே, முழங்கால் எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மத்தியானம் போதும். பாட்டியோடு போனால் திமிங்கல எலும்பையும் பார்த்துவிட்டு வரலாம்.

முன்னங்காலில் விரல் ஐந்து, பின்னங்காலில் நாலு. முன்னங்காலின் ஐந்தாவது விரல் கொஞ்சம் மேலே, உள்பக்கமாக, தரையில் படாமல் இருக்கும். ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக் என்ற அந்த விஞ்ஞானி நாலு விரலை இரண்டு இரண்டாகப் பிரித்து 'வி' போல வைத்து வணக்கம் சொல்வாரே, அதைப் பூனைக் கையில் வைக்க இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: நான்கு விரலும் பிரிய வேண்டும், கட்டைவிரல் வேலையை அந்த மேல் விரல் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நம்ம ஊர் ஹீரோக்களுக்கு முக்கியமானது. பூனைக்குக் காறை எலும்பு, அதாவது கழுத்துக்குக் கீழே தோளுக்குப் போகும் எலும்பு, சின்னதாக, வேறு எலும்போடு சேராமல் சதைக்குள் தொங்கும். அதனால்தான் தலை நுழைகிற சந்தில் உடம்பும் நுழைகிறது. அதனாலேயே அதற்கு அகன்ற தோள் கிடையாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் ஹீரோவை அப்படியே பூனையாக வரைந்தால், சின்னப் பையன் அப்பா சட்டையைப் போட்ட மாதிரி தொளதொளவென்று வரும். பூனை தன்னைப் பெரிதாகக் காட்ட வேறு வழி வைத்திருக்கிறது: முதுகை வில்லாக வளைத்து, மயிரைச் சிலிர்த்து, எதிரிக்குப் பக்கவாட்டில் நிற்கும். ஆகவே ஹீரோ இன்ட்ரோ ஷாட்டை நேர்முகமாக வரையாதீர்கள், பக்கவாட்டில் வரையுங்கள். சட்டைக் காலரை மீறிக்கொண்டு மயிர் சிலிர்த்து நிற்கட்டும். தியேட்டரில் விசில் அடிக்கிறவனுக்கு அது புரியும்.

பூனைக்கு ஆள் தேர்வும் உண்டு. ஒருவருக்கு எந்த நிறப் பூனை என்பது சும்மா அழகுக்கு இல்லை. செம்பட்டைப் பூனைகளில் பெரும்பாலானவை கடுவன். வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூன்றும் கலந்த பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டை. செம்பட்டை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரே உடம்பில் செம்பட்டையும் கறுப்பும் வர இரண்டு எக்ஸ் வேண்டும், கடுவனுக்கு ஒன்றுதான். என் மாணவன் ஒருவன் மீசை முறுக்கிய போலீஸ் ஹீரோவை மூணு கலர் பூனையாகப் போட்டு, சாயந்திரம் மாடியில் காயவைத்திருந்தான். மாவு அரைக்கப் போன பக்கத்து வீட்டு ஆயா நின்று பார்த்து, "பொட்டப்பூனைக்கு எதுக்குடா மீசையெல்லாம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆயா ஸ்கூல் பக்கம் போனதில்லை. வீட்டில் ஏழு பூனை.

இனி எம்.ஜி.ஆர். தொப்பி. இது என் கிளாஸில் நான் கொடுக்கும் கடைசிப் பரீட்சை. எம்.ஜி.ஆருக்கு அடையாளம் இரண்டு: வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. முகம் தேவையே இல்லை, இந்த இரண்டையும் ஒரு பூசணிக்காய்மேல் வைத்தால்கூட வடசென்னையில் யாராவது ஒருவர் கும்பிடுவார். ஆனால் தொப்பியைப் பூனைத் தலையில் வைத்தால் காது மறைந்துவிடும். காது மறைந்த பூனை நீர்நாய் மாதிரி இருக்கும். கண்ணாடிக்கும் பிரச்சினை: மனிதக் காது கண்ணுக்கு நேரே பக்கத்தில் இருக்கிறது, கண்ணாடிக் காம்பு அதில் தொங்கும். பூனைக்குக் காது உச்சந்தலையில். காம்பு எதில் தொங்கும்? கண்ணாடியால் கண்ணும் போய், தொப்பியால் காதும் போனால், பூனையிடம் மிச்சம் இருப்பது மூக்கும் மீசையும்தான்.

பிள்ளைகள் ஆளுக்கொரு வழி கண்டுபிடிக்கிறார்கள். தொப்பியில் இரண்டு ஓட்டை போட்டுக் காதை வெளியே எடுப்பது ஒன்று. பார்க்கத் தமாஷாக இருக்கும், ஆனால் தலைவர் போய் கார்ட்டூன் வந்துவிடும். தொப்பியைச் சின்னதாக்கி இரண்டு காதுக்கும் நடுவில் உட்காரவைப்பது இன்னொன்று. சர்க்கஸ் குரங்கு நினைவுக்கு வரும். ஒரு பெண் செய்தது எனக்குப் பிடித்தது: தொப்பி முழுசாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே காது முட்டிக்கொண்டிருப்பது துணியில் இரண்டு மேடாகத் தெரிந்தது. காம்பைக் கன்னத்து மயிருக்குள் புதைத்துவிட்டாள். நெற்றியில் தொப்பிக்குக் கீழே வரிப்பூனைக்கு இயற்கையாகவே இருக்கும் ஆங்கில 'எம்' எழுத்து பாதி தெரிந்தது. "இன்ஷியல் சார்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் வெட்டினேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ரஜினிக்கு முடி கோதும் ஸ்டைல். பூனைக்கு முடி என்று தனியாக ஒன்றும் இல்லை, உடம்பே முடி. அங்கே வால் கைகொடுக்கும். கண்ணாடியைச் சுழற்றுவது வால் நுனி, கை சும்மா இடுப்பில். இதற்குமேல் சொன்னால் உங்கள் மகளுக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில், ஏழாம் நூற்றாண்டில், ஒற்றைக்காலில் கை தூக்கித் தவம் செய்யும் முனிவரைச் செதுக்கியவர்கள், கொஞ்சம் தள்ளி யானைக்குப் பக்கத்தில் அதே மாதிரி முன்னங்காலைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்றையும் செதுக்கியிருக்கிறார்கள். அதைச் சுற்றி எலிகள். அந்த முனிவர் அர்ஜுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பூனை யாரைக் கிண்டல் செய்கிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஹீரோ, அவருடைய நிலை, அதே நிலையில் ஒரு பூனை. சூத்திரம் அப்படியே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா காளிகாட்டுப் பட ஓவியர்கள் நெற்றியில் நாமம் போட்டு, வாயில் இறால் கவ்விய பூனையைப் போலிச் சாமியாரைக் கிண்டல் செய்ய வரைந்து கோயில் வாசலில் விற்றார்கள்.

சினிமா நட்சத்திரம் மாதிரி உண்மையான நட்சத்திரங்களைப் பூனையாக்கியவர் என்றால் ஜப்பானின் உத்தாகவா குனியோஷி. மர அச்சு ஓவியர், 1861இல் இறந்தார், வரையும் இடமெல்லாம் பூனையோடு வாழ்ந்தவர். அவர் காலத்தில் கபுகி நாடக நடிகர்கள்தான் அங்கே ரஜினி, கமல். 1842இல் அரசாங்கம் சிக்கனம், ஒழுக்கம் என்று கிளம்பி, நடிகர்கள் படத்தை அச்சடிக்கக் கூடாது என்று தடை போட்டது. அச்சுக்காரன் பிழைப்பே அதில்தான். குனியோஷி நடிகர்களின் முகச்சாயலைப் பூனைக்கும் மற்றப் பிராணிகளுக்கும் கொடுத்து வரைந்தார். அதிகாரி பார்த்தால் பூனை. ரசிகன் பார்த்தால் தலைவர். எனக்கு இந்த வகையிலேயே பெரிய ஆள் அவர்தான், ஏனென்றால் அவருக்கு அது விளையாட்டு மட்டும் இல்லை, தப்பிக்கும் வழி.

இங்கிலாந்தில் லூயி வெய்ன். 1886இல் பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழுக்குப் பூனைக்குட்டிகளின் விருந்தை வரைந்து பெயர் வாங்கினார். அந்தப் படத்தில் பூனைகள் இன்னும் நாலுகாலில்தான் இருந்தன. கோட் போட்டு, இரண்டு காலில் நின்று, கோல்ஃப் ஆடியதெல்லாம் பிறகு. முதலில் பூனை உடம்பைக் கற்றுக்கொண்டு அப்புறம் சட்டை மாட்டினார் என்பதை உங்கள் மகள் குறித்துக்கொள்ளட்டும். வீட்டில் நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்த மனைவியைச் சிரிக்கவைக்கத்தான் பீட்டர் என்ற தங்கள் பூனையை அவர் விதவிதமாக வரையத் தொடங்கியது. மனைவி 1887இல் போய்விட்டார்.

வெய்ன் கதையில் நீங்கள், அதாவது அம்மா, குறித்துக்கொள்ள வேண்டிய பகுதியும் இருக்கிறது. இங்கிலாந்து முழுக்க அவர் பூனை தொங்காத வீடு குறைவு, ஆனால் அவர் கையில் காசு தங்கவில்லை. படத்தை விற்கும்போது மறுபடி அச்சடிக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். அச்சடித்தவன் திரும்பத் திரும்ப அச்சடித்தான், இவருக்கு ஒரு தடவை கொடுத்த பணம் மட்டும். 1924இல் ஏழைகளுக்கான மனநல விடுதியின் வார்டில் போய்ச் சேர்ந்தார். இப்படி ஒருவர் கிடக்கிறார் என்று அடுத்த வருஷம் வெளியே தெரிந்து, எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் போன்றவர்கள் குரல் கொடுத்த பிறகுதான் நல்ல இடத்துக்கு மாற்றினார்கள். 1939இல் இறந்தார்.

எனக்கும் சின்ன அளவில் நடந்திருக்கிறது. பாரிமுனைப் பக்கம் கப்பில் படம் பதித்து விற்கும் கடைக்காரர் ஒருவர், என் பூனைப் படம் ஆறை "சாம்பிளுக்கு" என்று போனில் வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து என் தங்கச்சி பெண் பிறந்தநாளுக்கு யாரோ அந்தக் கப்பைப் பரிசாகக் கொடுத்தார்கள். டீ நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து, பெரிய அளவுப் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. எதற்கு, எத்தனை நாளைக்கு, எத்தனை பிரதிக்கு என்று ஒரு தாளில் எழுதாமல் கொடுப்பதும் இல்லை.

கேஸ் பற்றிக் கேட்டீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். நோட்டில் வரைவதற்கு, நண்பர்களிடம் காட்டுவதற்கு யாரும் வரமாட்டார்கள். விற்கத் தொடங்கினால் கதை வேறு. ஸ்பைடர்மேன் போன்ற பாத்திரம் ஒரு கம்பெனியின் சொத்து. பூனையாக மாற்றிவிட்டேன் என்பது தானாக அனுமதி ஆகிவிடாது. நம்முடைய 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் விமர்சனத்துக்கு இடம் இருக்கிறது, கேலிச்சித்திரத்துக்கென்று தனியாக வரி கிடையாது. ஓவியத்துக்கான உரிமை வரைந்தவர் ஆயுள் முழுக்க, அதற்குப் பின் 60 வருஷம். நடிகர்கள் விஷயம் இன்னொரு தினுசு. 2014இல் ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் கேட்காமல் பயன்படுத்திய ஒரு இந்திப் படத்தை எதிர்த்து நம்ம பாரிமுனை ஹைகோர்ட்டுக்குப் போனார். பார்க்கிறவருக்கு ஆள் அடையாளம் தெரிந்தாலே போதும் என்று 2015இல் கோர்ட் அவர் பக்கம் சொன்னது. யோசித்துப் பாருங்கள், பூனைப் படத்தின் உயிரே ஆள் அடையாளம் தெரிவதுதானே! ஜென்னி பார்க்ஸின் ஸ்டார் ட்ரெக் புத்தகம் உரிமையாளர்களின் அனுமதியோடு வந்தது என்பதை மகளிடம் சொல்லுங்கள். விற்பதற்கு என்றால் தன் சொந்தப் பாத்திரத்தை வரையட்டும்: ஏலக்காரப் பூனை, கேரம் ஆடும் பூனை, வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பூனை, கானா பாடும் பூனை. இவற்றுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம், அத்தோடு வேறு ஊர்க்காரனுக்கு இதெல்லாம் வரையவும் வராது.

வேலையா என்று கேட்டதற்கு: பூனை மட்டும் வரைந்து சாப்பிடுகிறவர்கள் உலகத்திலேயே குறைவு. ஆனால் பூனையை இந்த அளவுக்கு வரையத் தெரிந்தவருக்குக் குழந்தைகள் புத்தகம், பாடப்புத்தகம், அனிமேஷன், கேம் என்று கதவு இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்ததும் எழும்பூரில் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிக்கு முயற்சி செய்யலாம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. மார்க் மட்டும் பார்க்க மாட்டார்கள், வரைந்து காட்டச் சொல்வார்கள். அதற்கு இப்போதிருந்தே கை ஓட வேண்டும். கெமிஸ்ட்ரியை விடச் சொல்லவில்லை. அறிவியல் சித்திரம் பக்கம் போக ஆசை வந்தால் பயாலஜி கைகொடுக்கும்.

டேப்லெட் இப்போது வாங்கித்தராதீர்கள். ஆண்டர்சன் தெருவில் கார்ட்ரிட்ஜ் என்ற கெட்டி டிராயிங் தாள் வெட்டி எடைக்கு வாங்கினால் ஆறு மாதம் வரும். 2பி, 4பி பென்சில் போதும். மயிர் வரைய ஒரு விஷயம்: ஒவ்வொரு மயிராகக் கோடு போட உட்கார்ந்தால் பூனை முள்ளம்பன்றியாகிவிடும். மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று உடம்பு முழுக்கச் சின்ன அம்புக்குறி போட்டு முதலில் ஒரு வரைபடம் எடுத்துக்கொண்டு, நிழல் மடிப்பிலும் ஓரத்திலும் மட்டும் கோடு காட்ட வேண்டும். நடுவில் தாளையே விட்டுவிடலாம். பழைய, முனை கலைந்த பிரஷ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், மயிருக்கு அதுதான் லாயக்கு.

காசிமேட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஊரே மீன் வாங்க வந்திருக்கும், கால்வைக்க இடம் இருக்காது. வரைய நல்ல காலம் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும், பூனைகளும் வேறு வேலை இல்லாமல் வலைக் குவியல்மேல் அசையாமல் படுத்திருக்கும். பள்ளிக்கூடமும் லீவு. வெயில் ஏறுவதற்குள், ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள். கையில் கருவாட்டுப் பையோடு மட்டும் வரைய உட்காராதீர்கள், பூனை போஸ் கொடுக்காது, மடியில் ஏறிவிடும்.